பத்து சோதனை, எட்டு இருட்டில்: டாமிஃப்ளூ மருந்துச்சீட்டின் பின்னணி

மழைக்காலம் வந்துவிட்டால் என் கிளினிக்கில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஆன ஒரு பையன் வந்து உட்காருவான். தொண்டை வலி, வறட்டு இருமல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி. பக்கத்தில் நிற்கும் அம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்து, யாரோ அனுப்பிய மருந்துப் பட்டையின் படத்தைக் காட்டுவார். "டாக்டர், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இந்த டாமிஃப்ளூதான் எழுதிக் கொடுத்தாங்களாம். ரெண்டே நாள்ல எழுந்துட்டானாம். இவனுக்கும் எழுதிடுங்களேன்."

இதற்கு நான் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த அரை நிமிடப் பதில் எதன் மேல் நிற்கிறது என்று பின்னோக்கிப் போனால், 2009இல் ஒரு ஜப்பானியக் குழந்தை மருத்துவர் அனுப்பிய சின்னக் குறிப்பில் போய் முட்டும். அவர் கேட்ட கேள்விக்கு முழுப் பதில் வர ஐந்து வருடம் ஆனது. அதற்குள் பல நாடுகள் இந்த மாத்திரையைக் கிடங்கு கிடங்காக வாங்கி அடுக்கிவிட்டிருந்தன. ஒரு மருந்தை எழுதும் பழக்கம் யாருடைய சொல்லை நம்பி உருவாகிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

முதலில் இந்த ஃப்ளூ மருந்து. ஓசெல்டாமிவிர் என்பது மூலப்பெயர், டாமிஃப்ளூ என்பது ரோஷ் கம்பெனி வைத்த வணிகப் பெயர். கண்டுபிடித்தது கலிஃபோர்னியாவின் கிலியட் நிறுவனம். 1996இல் ரோஷ் அதன் உரிமத்தை வாங்கியது. 1999 அக்டோபரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. பாதி சாம்பல் நிறம், பாதி வெளிர் மஞ்சள், 75 மில்லிகிராம் கேப்சூல். காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள். மொத்தம் பத்து.

அது செய்யும் வேலையைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. ஃப்ளூ வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து பெருகுகிறது. புதிய வைரஸ்கள் வெளியே கிளம்பும்போது செல்லின் மேல்பரப்பில் இருக்கும் சியாலிக் அமிலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒட்டை வெட்டிவிட்டால்தான் அடுத்த செல்லுக்குப் போக முடியும். வெட்டுகிற கத்திரிக்கோல் நியூராமினிடேஸ் என்ற நொதி. எச்1என்1 என்கிறோமே, அதில் 'என்' இதுதான். ஓசெல்டாமிவிர் அந்தக் கத்திரிக்கோலின் வாயில் போய் மாட்டிக்கொள்கிறது. வைரஸ் சாவதில்லை, நகர முடியாமல் நிற்கிறது. ஃப்ளூ வைரஸ் மளமளவென்று பெருகுவது முதல் இரண்டு மூன்று நாளில்தான். அதனால்தான் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்கிறார்கள். நாலாம் நாள் கொடுப்பது, கூட்டம் கலைந்த பிறகு வாசல் கதவைச் சாத்துகிற மாதிரி.

இன்னொரு விஷயம், பிரியாணிக்காரர்களுக்குப் பிடிக்கும். இந்த மருந்தைச் செய்யத் தேவையான ஷிகிமிக் அமிலம் பெரும்பாலும் அன்னாசிப்பூவிலிருந்துதான் எடுக்கப்பட்டது. தென்சீனாவில் விளைகிற அதே நட்சத்திரப் பூ. 2005இல் பறவைக் காய்ச்சல் பயம் கிளம்பியபோது உலக விளைச்சலின் பெரும்பகுதி இந்த மருந்துக்கே போனது. உடனே அன்னாசிப்பூக் கஷாயம் குடித்தால் ஃப்ளூ போகும் என்று ஒரு பேச்சு கிளம்பி, இன்றுவரை ஓயவில்லை. அமிலத்திலிருந்து மருந்து வரை பல வேதிப்படிகள் இருக்கின்றன. கஷாயத்தில் அந்த மருந்து கிடையாது. பிரியாணியில் தாராளமாகப் போடலாம்.

ஆறு பக்கக் கட்டுரை

சரி, இந்த மருந்து என்ன செய்யும் என்று எஃப்.டி.ஏ. ஒப்புக்கொண்டது? காய்ச்சல், உடல்வலி, இருமல் போன்ற அறிகுறிகள் கொஞ்சம் சீக்கிரம் அடங்கும். அவ்வளவுதான். நிமோனியா மாதிரியான சிக்கல்களைத் தடுக்கும் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று மருந்தோடு வரும் விவரத்தாளிலேயே எழுத வைத்தார்கள். 2000ஆம் ஆண்டு கம்பெனியின் விளம்பரம் கொஞ்சம் எல்லை தாண்டியபோது கடிதம் போட்டுக் கண்டிக்கவும் செய்தார்கள்.

2003இல் நிலைமை திரும்பியது. 'ஆர்க்கைவ்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' என்ற இதழில் ஆறு பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. முதல் ஆசிரியர் பெயரால் அதைக் கைசர் கட்டுரை என்பார்கள். பத்து மருத்துவச் சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். முடிவு பிரமாதம்: ஃப்ளூவால் நெஞ்சுச்சளி முற்றி ஆன்டிபயாடிக் தேவைப்படுவது 55 சதவீதம் குறைகிறது, ஆஸ்பத்திரியில் சேர்வது 59 சதவீதம் குறைகிறது. எந்த டாக்டருக்கும் இந்த இரண்டு எண்கள் போதும். அறிகுறியைக் கொஞ்சம் குறைக்கிற மருந்து ஒரே கட்டுரையில் ஆளைக் காப்பாற்றுகிற மருந்தாகிவிட்டது.

பத்து சோதனைகளுமே ரோஷ் பணத்தில் நடந்தவை. அவற்றில் இரண்டுதான் தனிக் கட்டுரைகளாக மருத்துவ இதழ்களில் வந்திருந்தன. மீதி எட்டு எங்குமே வரவில்லை. எழுதிய ஆறு பேரில் நால்வர் கம்பெனி ஊழியர்கள், இருவர் கம்பெனியிடம் கட்டணம் வாங்கிய ஆலோசகர்கள். இதில் எதுவும் ரகசியமில்லை, கட்டுரையிலேயே பார்க்கலாம். ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தியையும் அடிக்குறிப்பையும் யார் படிக்கிறார்கள்? நானும் படித்ததில்லை. மருத்துவப் பிரதிநிதி கொண்டுவந்த பளபளத் தாளில் இருந்த 59ஐத்தான் பார்த்தேன்.

எஃப்.டி.ஏ. 'சிக்கலைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருக்க, அதே அமெரிக்க அரசின் இன்னொரு கையான நோய்க் கட்டுப்பாட்டு மையம், சி.டி.சி., 'சிக்கலைக் குறைக்கும்' என்று டாக்டர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே நாடு, ஒரே மருந்து. ஒருவர் கம்பெனி கொடுத்த மூலத்தரவைப் பார்த்துப் பேசினார், இன்னொருவர் அச்சில் வந்த கட்டுரையைப் பார்த்துப் பேசினார். என்னைக் கேட்டால் இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பின்னால் நடந்ததெல்லாம் இதை அவிழ்க்கிற வேலைதான்.

கிடங்குகள் நிரம்பின

2005இல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவை எட்டியது. பழைய ஃப்ளூ மருந்தான அமாண்டடின் கைவிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. 2006 ஜனவரியில் அதை இனி எழுதாதீர்கள் என்று சி.டி.சி.யே சொல்லிவிட்டது, ஏனென்றால் அப்போது சுற்றிய எச்3என்2 வைரஸில் பத்தில் ஒன்பது அதற்கு மசியவில்லை. கையில் இருந்தது டாமிஃப்ளூவும், மூச்சில் உறிஞ்சும் பொடியான ரெலென்சாவும்தான். பொடியை உறிஞ்சுவதைவிடக் கேப்சூலை விழுங்குவது எளிது. நாடுகள் டாமிஃப்ளூவை வாங்கிக் குவிக்க ஆரம்பித்தன. பிரிட்டன் மட்டும் 2006-07 முதல் ஏழு ஆண்டுகளில் இதற்கு 42.4 கோடி பவுண்ட் செலவழித்தது. அதில் 7.4 கோடி பவுண்ட் சரக்கை, பதிவேடு சரியில்லாமல் எந்தப் பெட்டி எந்த வெப்பத்தில் இருந்தது என்று சொல்ல முடியாததால், கணக்கிலிருந்தே கழித்தார்கள் என்று நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு 2014இல் குறை சொன்னது.

2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தது. அந்த ஜூலையில் பிரிட்டன் ஒரு தொலைபேசிச் சேவை தொடங்கியது. போன் செய்து அறிகுறிகளைச் சொன்னால் போதும். எதிர்முனையில் இருப்பவர் டாக்டர் அல்ல. கேள்விப் பட்டியலை வாசித்து, பதிலைக் குறித்து, ஓர் எண் கொடுப்பார். நண்பரோ உறவினரோ போய் அந்த எண்ணைச் சொல்லி மருந்தை வாங்கிக்கொள்ளலாம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அப்படி மருந்து போனது. நாடித்துடிப்பைக்கூடப் பார்க்காமல் ஒரு வைரஸ் மருந்தை இவ்வளவு பேருக்கு எழுதிக் கொடுத்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. ரோஷ் நிறுவனத்துக்கு 2009இல் இந்த மருந்தில் மட்டும் வந்த விற்பனை சுமார் 320 கோடி சுவிஸ் பிராங்க்.

ஹயாஷியின் கேள்வி

அதே 2009இல், காக்ரேன் என்ற மருத்துவச் சான்று ஆய்வு அமைப்பின் குழுவிடம் ஃப்ளூ மருந்துகள் பற்றிய தங்கள் ஆய்வைப் புதுப்பித்துத் தரும்படி பிரிட்டன், ஆஸ்திரேலியா அரசுகள் கேட்டன. குழுவில் ரோமில் இருந்த டாம் ஜெஃபர்சனும் ஆஸ்திரேலியாவின் கிறிஸ் டெல் மாரும் முக்கியமானவர்கள். அவர்களுடைய 2006 ஆய்வு ஏற்கெனவே சொல்லியிருந்தது: டாமிஃப்ளூ நெஞ்சுச் சிக்கலைக் குறைக்கும். பெரிய வேலை இருக்காது, புதிதாக வந்த கட்டுரைகளைச் சேர்த்தால் போதும் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஜூலையில் கெய்ஜி ஹயாஷி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவரிடமிருந்து ஒரு கருத்துக் குறிப்பு வந்தது. சாரம் இதுதான்: நெஞ்சுச் சிக்கலைக் குறைக்கும் என்கிறீர்கள். அதற்கு நீங்கள் நம்பியிருப்பது கைசர் கட்டுரையை. அந்தக் கட்டுரையின் பத்துச் சோதனைகளில் எட்டு வெளிவரவே இல்லை. அவற்றை நீங்கள் பார்த்தீர்களா?

பார்க்கவில்லை. பார்த்தவர்கள் கணக்குப் போட்டு எழுதிய ஆறு பக்கத்தைத்தான் பார்த்திருந்தார்கள். ஹயாஷி ஜப்பானில் இருந்து இதைக் கேட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. உலகிலேயே டாமிஃப்ளூவை அதிகம் விழுங்கிய நாடு ஜப்பான்தான். ஒரு கட்டத்தில் மொத்தப் பயன்பாட்டில் முக்கால்வாசி அங்கேதான். 2007இல் மருந்து சாப்பிட்ட பதின்வயதுப் பிள்ளைகள் சிலர் மாடியிலிருந்து விழுந்து இறந்தபோது, 10 முதல் 19 வயது வரை கொடுக்காதீர்கள் என்று அந்நாட்டு அரசு எச்சரித்தது. பிற்பாடு பார்த்ததில் மருந்தே சாப்பிடாமல் ஃப்ளூ வந்த பிள்ளைகளிடமும் அதே விபரீத நடத்தை இருந்தது. 2018இல் அந்தத் தடையை விலக்கிக்கொண்டார்கள். எப்படியோ, இந்த மருந்தைத் தினமும் கையாளும் டாக்டர்களுக்குக் கேள்வி கேட்கக் காரணம் இருந்தது.

ஜெஃபர்சன் கைசருக்கு எழுதினார். கோப்புகள் என்னிடம் இல்லை, ரோஷிடம் கேளுங்கள் என்று பதில் வந்தது. ரோஷிடம் கேட்டார். தருகிறோம், ஆனால் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: இப்படி ஓர் ஒப்பந்தம் இருக்கிறது என்பதையே வெளியில் சொல்லக் கூடாது. பொதுமக்கள் படிக்கப்போகிற ஓர் ஆய்வுக்கு இதில் கையெழுத்துப் போட முடியுமா? குழு போடவில்லை. 2009 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த புதுப்பித்த ஆய்வில் அந்த எட்டையும் ஒதுக்கிவிட்டார்கள். அவற்றை எடுத்துவிட்டால், சிக்கல் குறைகிறது என்று சொல்ல மிச்சமிருந்த சான்று போதவில்லை.

ஒதுக்கப்பட்டவற்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எம்76001 என்று கோப்பு எண் கொண்ட சோதனை. காய்ச்சல் வந்த பெரியவர்களுக்கு டாமிஃப்ளூ கொடுத்துப் பார்த்ததில் இதுதான் ஆக அதிக ஆட்களை வைத்து நடந்தது, 1,400 பேருக்கு மேல். அதுதான் எந்த இதழிலும் வரவில்லை. சின்னச் சோதனை மூலையில் கிடந்தால் சோம்பல் என்று விடலாம். பெரியதே கிடந்தால்?

பக்கம் பக்கமாக

பிறகு நடந்தது ஒரு கடித யுத்தம். ரோஷ் முதலில் அறிக்கைகளின் முதல் பகுதிகளை மட்டும் கொடுத்தது. 2011இல் ஐரோப்பிய மருந்து முகமையிடமிருந்து 19 சோதனைகளின் அறிக்கைகள், 25,453 பக்கம், கிடைத்தன. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் ஆசிரியர் ஃபியோனா காட்லி 2012இல் பகிரங்கக் கடிதம் எழுதினார், கேட்டும் பதில் வராத மின்னஞ்சல்களையெல்லாம் இதழின் தளத்திலேயே அடுக்கி வைத்தார். நம்மூரில் தகவல் உரிமை மனு போட்டு, மேல்முறையீடு, மறுபடி மேல்முறையீடு என்று அலைபவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. 2013இல் ரோஷ் இறங்கி வந்தது. 77 முழு அறிக்கைகள். ரெலென்சாவை விற்ற கிளாக்ஸோவும் தன்னுடையதைக் கொடுத்தது. எல்லாம் சேர்த்து 1,60,000 பக்கத்துக்கு மேல்.

முழு அறிக்கை என்றால் என்ன என்று தெரிந்தால்தான் இந்தப் போராட்டத்தின் அர்த்தம் புரியும். ஒரு சோதனை பற்றி மருத்துவ இதழில் ஏழு பக்கம் வந்திருந்தது. அதன் முழு அறிக்கை எட்டாயிரம் பக்கத்துக்கும் மேல். சோதனையை எப்படி நடத்துவது என்று முன்கூட்டி எழுதிய திட்டம், நடுவில் செய்த திருத்தங்கள், டாக்டர் நிரப்பிய படிவத்தின் மாதிரி, யாருக்கு எந்த நாளில் என்ன ஆனது என்ற வரிசை, எல்லாம் அதில் இருக்கும். நம் வழக்கில் சொன்னால், இதழ்க் கட்டுரை கல்யாணப் பத்திரிகை. முழு அறிக்கை என்பது மண்டப வாடகை முதல் மொய் நோட்டு வரை.

அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது? இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, வெற்று மாத்திரை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் மருந்தில்லாத மாத்திரை. மருந்தா வெற்று மாத்திரையா என்று நோயாளிக்கும் தெரியக் கூடாது, டாக்டருக்கும் தெரியக் கூடாது, அதுதான் சோதனையின் உயிர். சில சோதனைகளில் மருந்துக் கேப்சூலின் மூடியும் வெற்றுக் கேப்சூலின் மூடியும் நிறத்தில் சற்று வேறாக இருந்தன. வெற்றுக் கேப்சூலுக்குள் சிலவற்றில் டீஹைட்ரோகோலிக் அமிலம் சேர்த்திருந்தார்கள். அதுவே வயிற்றைக் கலக்கக்கூடிய பொருள். வெற்று மாத்திரை சாப்பிட்டவருக்கும் குமட்டினால், மருந்தால் வரும் குமட்டல் கணக்கில் குறைவாகத்தானே தெரியும்? வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஏழு பக்கக் கட்டுரையில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்கிறேன்.

இரண்டு, 'நிமோனியா' என்ற சொல். மருந்து சாப்பிட்டவர்களிடம் நிமோனியா குறைவு என்று கணக்குச் சொன்னது. நிமோனியா என்று யார் சொன்னது? பல சோதனைகளில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவில்லை. நோயாளியே சொன்னது, அல்லது படிவத்தில் ஒரு கட்டத்தில் குறித்தது. சளி நெஞ்சில் இறங்கிவிட்டது என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதற்கும் எக்ஸ்ரேயில் தெரியும் நிமோனியாவுக்கும் எவ்வளவு தூரம் என்று எந்த டாக்டருக்கும் தெரியும். படிவத்தில் விளக்கமாகக் கேட்டு உறுதிசெய்த சோதனைகளை மட்டும் பார்த்தால், அந்தக் குறைவு காணாமல் போனது.

2014 ஏப்ரல் 10 அன்று முடிவு வெளியானது. டாமிஃப்ளூவில் 20, ரெலென்சாவில் 26, மொத்தம் 46 சோதனைகள். பெரியவர்களுக்கு அறிகுறிகள் அடங்கும் நேரம் 16.8 மணி குறைகிறது. அதாவது 7 நாள் 6.3 நாளாகிறது. ஆஸ்துமா இல்லாத குழந்தைகளுக்கு 29 மணி. ஆஸ்பத்திரியில் சேர்வது? மருந்து சாப்பிட்டவர்களில் 1.7 சதவீதம், சாப்பிடாதவர்களில் 1.8. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 59 சதவீதம் எங்கே போனது என்று நான் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். இன்னொரு பக்கம், 28 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாகக் குமட்டல், 22 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாக வாந்தி.

திங்கட்கிழமை காலை காய்ச்சல் வந்து செவ்வாய் மாலைக்குள் மருந்து ஆரம்பித்த ஒருவர், அடுத்த திங்கள் காலைக்குப் பதில் ஞாயிறு மத்தியானமே எழுந்து உட்காருவார். தினக்கூலிக்காரருக்கு அதுவும் பெரிதுதான், நான் மறுக்க மாட்டேன். அதற்காக ஒரு நாடு கிடங்கு கட்டுமா என்பது வேறு கேள்வி.

மறுபக்கமும் சும்மா இல்லை

இதோடு வழக்கு முடிந்துவிட்டது என்று எழுதினால் ஏமாற்று. 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வேறொரு குழு அதே தரவின் ஒரு பகுதியை, 9 சோதனைகள், 4,328 பேர், நோயாளிவாரியாக எடுத்துப் பார்த்தது. உண்மையிலேயே ஃப்ளூ உறுதியானவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 25 மணி நேரம் குறைகிறது, ஆஸ்பத்திரியில் சேர்வது 1.7லிருந்து 0.6 சதவீதமாகிறது என்றார்கள். அந்த ஆய்வுக்கும் பணம் ரோஷிடமிருந்துதான் போனது என்றாலும், அதை மட்டும் சொல்லி ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

ஃப்ளூ உறுதியானவர்களை மட்டும் எடுப்பது நியாயமாகத்தானே தெரிகிறது? இங்கேதான் ஒரு கொக்கி. ஃப்ளூவா இல்லையா என்று உறுதிசெய்த வழிகளில் ஒன்று, ரத்தத்தில் எதிர்ப்பொருள் நாலு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. மருந்து சாப்பிட்டவர்களிடம் அந்த ஏற்றம் குறைவாக இருந்தது என்கிறது காக்ரேன் குழு. அப்படியானால் மருந்துப் பக்கத்திலிருந்து சிலர் 'ஃப்ளூ இல்லை' என்று கழன்றுபோவார்கள், வெற்று மாத்திரைப் பக்கத்திலிருந்து அதே அளவு கழல மாட்டார்கள். சமமாகப் பிரித்த இரண்டு அணிகள் நடுவில் சமமில்லாமல் போகின்றன. கிளினிக்கில் எனக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. என் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு ஃப்ளூவா, டெங்குவா, வேறு ஏதோ வைரஸா என்று அந்த நிமிடம் எனக்குத் தெரியாது. உறுதியானவர்களின் கணக்கு எனக்கு எவ்வளவு உதவும்?

ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் கதை வேறு. 2009 தொற்றின்போது சேர்க்கப்பட்ட 29,234 நோயாளிகளின் விவரங்களை 38 நாடுகளிலிருந்து திரட்டி 2014இல் ஓர் ஆய்வு வந்தது. இந்த மருந்து வகையைப் பெற்றவர்களிடம் இறப்பு குறைவு, சீக்கிரம் ஆரம்பித்தவர்களிடம் இன்னும் குறைவு. இது சீட்டுப் போட்டுப் பிரித்த சோதனை அல்ல. மருந்து கொடுக்கும்வரை உயிரோடு இருந்தவருக்குத்தான் மருந்து கிடைத்திருக்கும், அந்தச் சாய்வு உள்ளேயே இருக்கிறது. ஆனால் மூச்சுத் திணறி ஐசியூவில் கிடப்பவரைச் சீட்டுப் போட்டு வெற்று மாத்திரைப் பக்கம் தள்ள யாருக்குத் துணிவு வரும்? காக்ரேன் பார்த்த சோதனைகள் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடி சமாளித்த ஆட்களைப் பற்றியவை. கர்ப்பிணிக்கோ ஐசியூ நோயாளிக்கோ அதை அப்படியே பொருத்தி 'பயனில்லை' என்று சொல்வது 59 சதவீதத்தை நம்பியதைப் போன்ற அவசரம்தான்.

பின்னால் வந்தவற்றில் இரண்டு. 2020இல் 15 ஐரோப்பிய நாடுகளில் குடும்ப டாக்டர்களிடம் வந்த 3,266 பேரை வைத்து, கம்பெனி பணமில்லாமல் நடந்த சோதனை: சராசரியாக ஒரு நாள் முன்னதாகக் குணம், வயதாகி நோய் முற்றியவர்களுக்கு இரண்டு மூன்று நாள். 2023இல் 15 சோதனைகளைச் சேர்த்த ஆய்வு: வெளிநோயாளிகள் ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை. 16.8 மணியும் ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன, கவனியுங்கள்.

வைரஸ் மருந்துக்கு மசியாமல் போகும் எதிர்ப்புத்திறன் பற்றியும் ஒரு வார்த்தை. 2008 ஜனவரியில் நார்வேயிலிருந்து, பருவகால எச்1என்1 டாமிஃப்ளூவுக்கு அடங்கவில்லை என்று செய்தி வந்தது. அடுத்த குளிர்காலத்தில் அமெரிக்காவில் சுற்றிய அந்த வகை கிட்டத்தட்ட முழுவதும் அப்படித்தான். வேடிக்கை என்னவென்றால் நார்வேயில் இந்த மருந்தை அதிகம் எழுதுவதே இல்லை. அதிகம் எழுதினால்தான் எதிர்ப்பு வரும் என்ற நம் பாடத்துக்கு அது ஒரு குட்டு. 2009இன் புதிய வைரஸ் வந்து பழையதை விரட்டியதால் தப்பித்தோம், அந்தப் புதியது மருந்துக்கு அடங்கியது.

நம் பக்கம்

இந்தியாவில் 2009 ஆகஸ்டில் புனேயில் பள்ளிச் சிறுமி ஒருவர் இறந்ததுதான் பன்றிக் காய்ச்சலின் முதல் மரணம். அதன் பிறகு கிளம்பிய பீதியை அப்போது வேலை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முகக்கவசம் கிடைக்கவில்லை, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குத் தொண்டைச் சளி மாதிரிகள் குவிந்தன. மருந்து முதலில் அரசு ஆஸ்பத்திரிகள் வழியாக மட்டும். அப்புறம் கடைகளில் அனுமதித்தபோது எக்ஸ் அட்டவணையில் வைத்தார்கள்: தனி உரிமம், பூட்டிய அலமாரி, சீட்டு இரண்டு பிரதி, ஒன்று கடையிலேயே இரண்டு வருடம் இருக்க வேண்டும். தூக்க மாத்திரை, போதை தரும் ஊசிகளுக்கான கெடுபிடி ஒரு ஃப்ளூ மருந்துக்கு. பெரும்பாலான கடைக்காரர்கள் 'நமக்கு எதுக்கு வம்பு' என்று வாங்கியே வைக்கவில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பிரிட்டனில் போன் செய்தால் கிடைத்த மருந்து, இங்கே உண்மையில் தேவைப்பட்ட கர்ப்பிணிக்கு இரவு பத்து மணிக்குக் கிடைக்காது. 48 மணி நேரக் கணக்கில் ஓர் இரவு போனால் கால்பங்கு போச்சு. 2017இல்தான் எச்1 அட்டவணைக்கு மாற்றினார்கள். இப்போது சீட்டு இருந்தால் சாதாரணக் கடையிலேயே கிடைக்கும், கடைக்காரர் பதிவேட்டில் எழுதி வைத்தால் போதும்.

மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த ஏ, பி, சி பிரிப்பு என் அனுபவத்தில் நல்ல ஏற்பாடு. லேசான காய்ச்சல், இருமல், அது ஏ. மருந்தும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம், வீட்டில் ஓய்வு, இரண்டு நாளில் மறுபடி பார்க்கலாம். அதிகக் காய்ச்சலோடு கர்ப்பம், சர்க்கரை, இதயநோய், ஐந்து வயதுக்குக் கீழ், 65க்கு மேல் என்று ஏதாவது இருந்தால் பி, ஓசெல்டாமிவிர் கொடுக்கலாம். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குதல் என்றால் சி, உடனே ஆஸ்பத்திரி, உடனே மருந்து. காக்ரேன் முடிவு வருவதற்கு முன்பே எழுதிய இந்தத் தாள், அந்த முடிவோடு பெரிதாக மோதவில்லை. ஏ வகைக்காரருக்குக் கொடுக்காதே என்று ஒரு ஏழை நாட்டின் சிக்கனம் சொன்னதை, பல ஆயிரம் பக்கம் படித்து வேறொருவர் சொன்னார்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஓசெல்டாமிவிரை அத்தியாவசிய மருந்துகளின் மையப் பட்டியலிலிருந்து துணைப் பட்டியலுக்கு இறக்கியது. 2024 செப்டம்பரில் வந்த அதன் வழிகாட்டியில், தீவிரமில்லாத ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர் வேண்டாம், தீவிரமானவர்களுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறது. தீவிரமில்லை ஆனால் ஆபத்து அதிகம் என்பவர்களுக்கு பலோக்ஸவிர் என்ற இன்னொரு மருந்தைச் சொல்கிறார்கள், அது எங்கள் ஊர்க் கடைகளில் நான் பார்த்ததில்லை.

அந்தப் பையனுக்கு வருகிறேன். பதினான்கு வயது, ஆஸ்துமா இல்லை, நாலாம் நாள், காய்ச்சல் நூறுக்குக் கீழே இறங்கிவிட்டது, மூச்சு சீராக இருக்கிறது, விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் 98 சதவீதம் என்று காட்டுகிறது. பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல், இளநீர், மூச்சு வாங்கினால் நேரமெல்லாம் பார்க்காமல் வாருங்கள் என்று எழுதினேன். அம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதை எழுதலையே டாக்டர்?"

"பக்கத்து வீட்டுப் பையன் எத்தனையாவது நாள் மருந்து ஆரம்பிச்சான்?"

"அஞ்சாவது நாள்னு சொன்னாங்க. ஏழாவது நாள் ஸ்கூலுக்கே போயிட்டான்."

"உங்க பையனும் ஏழாவது நாள் போயிடுவான்" என்றேன். நம்பிக்கை வராத முகத்தோடுதான் கிளம்பினார். ஏழாம் நாள் அந்தப் பையன் சைக்கிளில் கிளினிக் வாசலைத் தாண்டிப் போனான், இன்னும் இருமிக்கொண்டுதான்.